தண்ணீர் குடிக்க மறுத்தவள்

புறநோயாளிகள் வரிசையில் நின்றபடி ஒருவர் எல்லாருக்கும் கேட்கும் குரலில் சொன்னார்:

“ஒண்ணுக்கும் நிக்கல, வெளிக்கும் நிக்கல டாக்டரம்மா. அதும்பாட்டுக்குப் போய்க்கினே கீது.”

வரிசையில் இருந்த பெண்கள் சிலர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. பள்ளிப்பட்டில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் வேலை செய்பவர். தறிச் சத்தத்தில் நின்று நின்று பாதிக் காது போயிருந்தது. சாதாரணமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கத்துவார். நூல் மூட்டை ஏற்றும் வேன் ஒன்றில் மனைவியைக் கயிற்றுக் கட்டிலோடு கொண்டுவந்து சுவரோரம் இறக்கியிருந்தார். அவள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். வெளியே தெரிந்தது ஒரு கை மட்டும்தான். அந்தக் கையின் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளியபடியே நிற்கும் போலிருந்தது. அவ்வளவு வறட்சி.

அது எழுபதுகளின் பிற்பகுதி. திருத்தணியில் மலையடிவாரத்தில் இருந்த ஒரு சிறிய தொண்டு மருத்துவமனையில் நான் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. சென்னையில் படித்தவள். நான் செய்யும் வேலைக்கு அங்கே யாருக்கும் பெயர் தெரியாது. ‘ஊசி போடாத டாக்டரம்மா’ என்பார்கள். கால் விழுந்தவர்கள், கை விழுந்தவர்கள், மரத்திலிருந்து விழுந்தவர்கள் என்று வருவார்கள். சிறுநீரும் மலமும் கட்டுப்படாமல் போவதைப் பற்றி எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் இருந்தது. பையன்களும் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்திருந்த வகுப்பு. ஆசிரியர் அதை மிக வேகமாகத் தாண்டிப் போனார்.

அரசு வேலையில் இருந்து ஓய்வுபெற்றுவிட்டு எங்கள் மருத்துவமனைக்கு வந்திருந்தவர் எங்கள் டாக்டர். அந்தப் பெண்ணை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் தடவிப் பார்த்தார். நடு முதுகில் ஓர் எலும்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது இரண்டு எலும்புகள் அரித்துப் போயிருந்தன. முதுகெலும்பில் காசநோய். உள்ளே சீழ் கட்டி நரம்புத் தண்டை அழுத்துகிறது. அதனால்தான் இடுப்புக்குக் கீழே செயல் இல்லை.

“மருந்துக்குக் கேக்கும். கால் வந்தாலும் வரும்” என்றார் டாக்டர். “ஆனா இடுப்புக்குக் கீழ பார்க்க என்னை விடமாட்டேங்குது இந்தப் பொண்ணு. நீயும் நர்ஸும் பார்த்துட்டு எனக்குச் சொல்லுங்க.”

அப்படித்தான் அவள் என் கைக்கு வந்தாள்.

தடுப்புத் திரையை இழுத்துவிட்டு, கணவரை வெளியே அனுப்பிவிட்டு, நானும் நர்ஸும் அவளுடைய மாமியாரும் உள்ளே இருந்தோம். மாமியார் அவளுக்குச் சொந்த அத்தை. அத்தை மகனைத்தான் கட்டியிருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. போர்வையை விலக்கினோம். நாற்றம் இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் துணிகள் அத்தனையும் துவைத்தவை, பழைய வேட்டியைக் கிழித்து மடித்து மடித்து வைத்தவை. யாரோ விடாமல் துவைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

“சிறுநீர் வர்றது உனக்குத் தெரியுதாம்மா?” என்று கேட்டேன்.

அவள் விழித்தாள். மாமியார்தான் எடுத்துச் சொன்னார்: “ஒண்ணுக்கு எறங்கறத கேக்கறாங்க.”

“தெரில. நனைஞ்சப்புறம் சில்லுனு இருந்தா தெரியும்.”

“ஒரேயடியா ஊத்துதா, சொட்டுச் சொட்டா வருதா?”

“சொட்டுச் சொட்டாத்தான். எப்பவும். இருமினா கொஞ்சம் ஜாஸ்தி.”

மலம் எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மாமியார் சொன்னார், தண்ணீர் தண்ணீராகக் கசிந்துகொண்டே இருக்கிறதாம். கட்டியாகப் போய் எவ்வளவு காலம் ஆகிறது என்று கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்தார். கால் விழுந்ததற்குப் பிறகு கட்டியாகப் போனதை அவர் பார்க்கவே இல்லை.

“என்ன சாப்பிடறா?”

“கழியுதேனு அரை டம்ளர் கஞ்சி குடுக்கறோம். தண்ணி நெறைய குடுக்கறதில்லமா. குடுத்தா ஊத்திக்கினே இருக்குது. அவளே வாணாம்னுடுவா.”

மேஜையில் இருந்த டம்ளரை எடுத்து அவளிடம் நீட்டினேன். தலையை ஆட்டி மறுத்தாள். உதடுகள் வெடித்திருந்தன. வற்புறுத்தியபோது நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

அடிவயிற்றில் கையை வைத்தேன். தொப்புள் வரைக்கும் உருண்டையாக, கெட்டியாக இருந்தது. மேலே விரலால் தட்டினால் மத்தளத்தின் ஓசை இல்லை, மண்பானை நிறையத் தண்ணீர் வைத்துத் தட்டினால் வரும் மந்தமான ஓசை. “அது கட்டினு நெனைச்சிக்கினு கீறோம்” என்றார் மாமியார்.

நர்ஸ் சிறுநீர் வழியில் ரப்பர் குழாயைச் செலுத்தினார். பேசின் நிறைந்தது. குழாயைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு இன்னொரு பேசின் கொண்டுவரச் சொன்னார். அதுவும் முக்கால் வரை வந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுக்கக் கூடாது என்பதால் நிறுத்தி நிறுத்தி எடுத்தோம். மாமியார் பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கண்களை மூடியிருந்தாள். நாங்கள் முடிப்பதற்குள் அப்படியே தூங்கிவிட்டாள்.

பின்பக்கமும் அதே கதைதான். உள்ளே கல் கல்லாக மலம் இறுகி வழியை அடைத்திருந்தது. மேலே இருப்பது மட்டும் நீராகி, அடைப்பின் ஓரமாகக் கசிந்துகொண்டிருந்தது. வீட்டில் அதைக் கழிச்சல் என்று நினைத்துச் சாப்பாட்டைக் குறைத்தார்கள். குறைக்கக் குறைக்க இன்னும் இறுகியது. எண்ணெயும் சோப்புத் தண்ணீரும் பின்வழியாகச் செலுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக அதை வெளியேற்றுவதற்குப் பல நாட்கள் பிடித்தன. நர்ஸ் முகம் சுளிக்காமல் செய்தார்.

இந்த வேலைகளுக்கு இடையில் நான் பார்க்கவேண்டியது வேறொன்று இருந்தது. நரம்பில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? பஞ்சையும் குண்டூசியையும் வைத்துக்கொண்டு தொடையின் உட்புறம், பிட்டம், ஆசனவாயைச் சுற்றி என்று தொட்டுத் தொட்டுக் கேட்டேன். பெரும்பாலும் “தெரில” என்றாள். இரண்டு இடத்தில் “ஏதோ தொடறாப்பல கீது” என்றாள். கையுறை போட்ட விரலை உள்ளே வைத்து, வெளிக்கு வருவதை அடக்குகிற மாதிரி இறுக்கச் சொன்னேன்.

“முடியல.”

“முயற்சி பண்ணு.”

“பண்ணிட்டேன். ஒண்ணும் நடக்கல.”

நடந்தது. நூல் இழுத்தாற்போல ஒரு சுருக்கம் என் விரலில் தெரிந்து மறைந்தது. அவளால் அதை உணர முடியவில்லை. நான் சொன்னேன், அவள் நம்பவில்லை. ஆனால் டாக்டரிடம் போய் அதைச் சொன்னபோது அவர் எழுந்து நின்றுவிட்டார். “அப்ப நரம்பு வழி கீழ வரைக்கும் திறந்திருக்கு” என்றார்.

குடும்பத்துக்குப் புரியவைப்பதுதான் கடினமாக இருந்தது. வழிகிறவளுக்குத் தண்ணீர் கொடு என்று சொன்னால் யார் கேட்பார்கள்? கணவரையும் மாமியாரையும் உட்காரவைத்துச் சொன்னேன்.

“தெருக் குழாய்ல குடம் நிறைஞ்சிட்டா என்ன ஆகும்?”

“வழியும்” என்றார் கணவர், வார்டு முழுவதற்கும்.

“குடம் வழியறதப் பாத்துட்டு ஓட்டைனு நெனைச்சிட்டோம். ஓட்டை இல்ல. நிறைஞ்சது தெரியல, கொட்டவும் முடியல. அவ்வளவுதான். வேளாவேளைக்கு நாம கொட்டிட்டா வழியாது. தண்ணி குடிக்காட்டி மூத்திரம் கெட்டுப்போயி, ஜுரம் வந்து, கிட்னி போயிடும்.”

மாமியார் மருமகளின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அப்போ நாந்தான் அவள பட்டினி போட்டுட்டனா?”

“நீங்கதான் இத்தன நாள் தொவச்சீங்க. அவ முதுகுல ஒரு புண்ணு இல்ல. புண்ணு இருந்திருந்தா இங்க வந்தும் பிரயோஜனம் இல்ல.”

நான் சொன்னது உண்மை. படுக்கைப் புண் வந்து செத்துப்போனவர்களை நான் அதற்குள் பார்த்திருந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டம்ளரை எடுத்துத் தண்ணீர் மோந்து மருமகளின் வாயருகே கொண்டுபோனார். “குடி. அவங்க சொல்றாங்க இல்ல.” அவள் குடித்தாள், பயந்துகொண்டே.

அவளைப் பலகைக் கட்டிலில் போட்டுக் காசநோய் ஊசியும் மாத்திரையும் ஆரம்பித்தார் டாக்டர். அவள் எங்களிடம் பல மாதங்கள் இருந்தாள். முதலில் குழாயை உள்ளேயே விட்டு, அதை ஒரு கிளிப்பால் மூடி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்துவிட்டோம். மூத்திரப் பைக்கு நிறைவதும் காலியாவதும் பழக வேண்டும். நிறையும்போது உடம்பில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஒன்றுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் கிளிப்பைத் திறக்கப் போனபோது அவளே சொன்னாள்:

“கழுத்துல வேர்க்குது. மயிரெல்லாம் நட்டுக்குது. இது ரொம்பிடுச்சுனு நெனைக்கறேன்.”

திறந்து பார்த்தோம். நிறைந்திருந்தது. வயிற்றில் தெரியவேண்டியது அவளுக்குக் கழுத்தில் தெரிந்தது. அது போதும் எங்களுக்கு.

குழாயை எடுத்தபின் விரல் நுனிகளால் அடிவயிற்றில் தட்டக் கற்றுக்கொடுத்தேன். தூறல் விழுகிற மாதிரி லேசாக, விடாமல் தட்ட வேண்டும். தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பை தானாகச் சுருங்கி வெளியேற்றும். போனபின் நர்ஸ் மெல்லிய குழாயை விட்டு எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்ப்பார். ஆரம்பத்தில் பாதிக்கு மேல் மிஞ்சியது. போகப் போகக் குறைந்தது. சில நாள் காரணமே இல்லாமல் மறுபடி ஏறும். அப்போதெல்லாம் அவள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வாள்.

முதுகு தாங்கும் என்று டாக்டர் சொன்னபிறகு, மருத்துவமனைத் தச்சரிடம் சொல்லி ஒரு மர நாற்காலியின் நடுவில் வட்டமாக ஓட்டை போடவைத்தேன். அடியில் ஒரு வாளி. காலையில் சூடாகக் காபி குடித்துச் சற்று நேரம் கழித்து அதில் உட்காரவைப்போம். வயிற்றில் சூடாக ஏதாவது விழுந்தால் குடல் அசையும். அந்த நேரத்தை விடக் கூடாது. வயிற்றை வலமிருந்து இடமாகத் தடவி, முன்னால் குனிந்து, தேவைப்பட்டால் கையுறை போட்ட விரலால் தூண்டிவிட்டால் வேலை முடியும். அன்றைக்கு அப்புறம் கசிவு இருக்காது. முதல் வாரம் காபியும் நாற்காலியும் வெறும் சம்பிரதாயமாக இருந்தன. இரண்டாவது வாரத்தில் ஒருநாள் தானாகவே போனது. வாளிச் சத்தம் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

இதையெல்லாம் வீட்டில் யார் செய்வது என்று பேச்சு வந்தபோது மாமியாரைத்தான் எல்லாரும் மனதில் வைத்திருந்தோம். ஆனால் அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது, கையும் நடுங்கியது. “நான் கத்துக்கறேன்” என்றார் கணவர். நர்ஸுக்கு அது பிடிக்கவில்லை. ஆண்பிள்ளை செய்கிற வேலையா என்றார். மாமியாரும் வேண்டாம் என்றார்.

“தறியில பக்கத்து ஆளுக்கு நூலு அறுந்தா யாரு முடி போடறது? கிட்ட நிக்கறவந்தான் போடணும்” என்றார் அவர்.

“பாவா, மெதுவா பேசு” என்றாள் அவள் போர்வைக்குள்ளிருந்து. அந்தப் பக்கத்தில் அத்தை மகனைத் தெலுங்கு வழக்கப்படி பாவா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம் ஆனபின்னும் அவள் அந்தக் கூப்பிடுகையை மாற்றவில்லை.

அவர் கற்றுக்கொண்டார். கையைக் கழுவி, நகத்தை வெட்டிக்கொண்டு வருவார். நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார், அதுதான் தொல்லை. “மொதல்ல எண்ண தடவணும், அப்புறம் விரல…” என்று ஆரம்பித்தால் தாழ்வாரத்தில் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். அவரைப் பக்கத்தில் அழைத்துக் காதுக்குள் பேசினால் பதிலையும் காதுக்குள் சொல்வார் என்று பிறகுதான் கண்டுபிடித்தேன்.

ஒருநாள் கால் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அவளிடம் கேட்டேன், உனக்கு என்ன வேண்டும் என்று. நடக்க வேண்டும் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

“பஸ்ல குந்திக்கினு எங்கம்மா ஊட்டுக்குப் போணும். நனையாம.”

அவளுடைய அம்மா வீடு கே.ஜி.கண்டிகையில். அங்கே அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். கால் விழுந்ததும் குழந்தையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கே.ஜி.கண்டிகை திருத்தணிக்குப் பக்கம்தானே, குழந்தையை இங்கே கூட்டி வரலாமே என்றேன்.

“ஒருவாட்டி கூட்டியாந்தாங்க ஊட்டுக்கு. மூக்க மூடிக்கினா. கொழந்ததான, அதுக்கு இன்னா தெரியும்” என்றாள். “வாணாம்மா. நான் போறேன்.”

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊர் நிறையக் காவடி. எங்கள் மருத்துவமனை வெயிலில் மயங்கியவர்களாலும் காலில் கொப்புளம் போட்டவர்களாலும் நிறைந்துவிட்டது. ஆர்.கே.பேட்டையிலிருந்து மலைக்கு வந்த அவளுடைய சொந்தக்காரர்கள், மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய தலைகளோடு, வழியில் அவளையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வார்டுக்கு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். மத்தியானம் வரை யாரும் எழுந்திருக்கவில்லை. நான் அந்தப் பக்கம் போகக்கூட நேரமில்லாமல் கொப்புளங்களுக்குக் கட்டுப் போட உதவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவளுக்குக் குளிர் ஜுரம். பல் அடித்துக்கொண்டது. சிறுநீர் கலங்கி நாறியது. முந்தைய நாள் காலையில் இருந்தே தண்ணீர் குடிக்கவில்லை என்றும், அவர்கள் போகும்வரை தட்டவில்லை என்றும் தெரிந்தது.

“அவங்க எதுர்ல வயித்த தட்டிக்கினு குந்தியிருக்க முடியுமா?” என்று கேட்டாள் ஜுரத்தோடு. “ஏன் தட்டறனு கேப்பாங்க. சொல்லணும். ஊரெல்லாம் சொல்லுவாங்க.”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் படித்த அத்தியாயத்தில் சொந்தக்காரர்கள் வருவதில்லை. ஜுரம் இறங்கியபின் நானும் அவளும் மாமியாரும் உட்கார்ந்து ஒரு வழி யோசித்தோம். அவள் “அத்தே, வெத்தல பாக்கு வாங்கியா” என்றால், மாமியார் வந்தவர்களைக் கிளப்பி வெளியே அழைத்துப் போய்விட வேண்டும், வெற்றிலை போடுவதற்கு என்று. நன்றாகவே நடந்தது. கணவரிடம் சொல்ல மறந்துவிட்டோம். ஒருநாள் மாமியார் இல்லாமல் அவர் மட்டும் வந்தவர்களோடு இருந்தபோது அவள் இதைச் சொல்ல, அவர் கடைத்தெரு வரை போய் ஒரு கவுளி வெற்றிலை வாங்கி வந்து நின்றார். அதற்குள் படுக்கை நனைந்திருந்தது. அவளும் மாமியாரும் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அவருக்கு என்ன குற்றம் என்றே விளங்கவில்லை.

கால் மெல்ல வந்தது. முதலில் கட்டைவிரல், பிறகு முழங்கால். மருந்து வேலை செய்தது. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிற்கவைத்தேன். முன்பு என் விரலில் தெரிந்த அந்தச் சுருக்கம் இப்போது அவளுக்கே தெரிந்தது. இறுக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்வேன். நாற்காலியிலிருந்து எழும்முன் இறுக்கு, இருமும்முன் இறுக்கு, சிரிக்கும்முன் இறுக்கு. “சிரிக்கறதுக்கு முன்னால எப்டி தெரியும்?” என்று கேட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும் முன் நான் ஒருநாள் பஸ் ஏறிப் பள்ளிப்பட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நெசவுத் தெருவில் நெருக்கமான வீடுகள். கழிப்பறை எந்த வீட்டிலும் இல்லை. பெண்கள் விடிவதற்கு முன்னும் இருட்டிய பின்னும் ஏரிப் பக்கம் போய் வருவார்கள். நடுவில் வந்தால் அடக்கிக்கொள்வார்கள். அடக்க முடிந்த பெண்களுக்கே அது தண்டனை. இவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த காலைக் காபியும் நாற்காலியும் அங்கே எங்கே நடக்கும்?

கணவர் புழக்கடையில் கீற்றுத் தட்டி கட்டி, குழி வெட்டி, மேலே அந்த ஓட்டை நாற்காலி போல ஒன்றைத் தானே செய்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்திருந்தார். வீட்டை ஒட்டிக் கக்கூஸ் வைத்தால் தன் கிணறு தீட்டாகிவிடும் என்பது அவர் வாதம். கிணறு வெகுதூரத்தில் இருந்தது. நான் டாக்டரம்மா என்று தெரிந்ததும் என்னிடமும் முறையிட்டார். அவருக்கு மாமியார்தான் பதில் சொன்னார்:

“உங்க ஊட்டுப் பொம்பளைங்களும் வந்துக்கட்டும். இருட்டுல பாம்பு கீற எடத்துல எதுக்குப் போணும்?”

பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி அவருக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் தன் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

வீட்டில் கடிகாரம் கிடையாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை தட்ட வேண்டுமே, எப்படித் தெரியும்? அவள் அதைத் தானே தீர்த்துக்கொண்டாள். தெருமுனையில் பஸ் போகும் சத்தம் கேட்கும். சித்தூர் பஸ் ஒன்று, திருத்தணி பஸ் ஒன்று, டீக்கடை ரேடியோவில் செய்தி, தறிக் கொட்டகையில் ஷிப்ட் மாறி ஆட்கள் போகும் பேச்சு. பஸ் வராத நாளில் என்ன செய்வாய் என்றேன். “கழுத்து வேர்க்கும் இல்ல” என்றாள்.

கே.ஜி.கண்டிகைக்குப் போகும் நாளை நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் திட்டமிட்டோம். காலையில் வெளிக்குப் போய் முடித்துவிட வேண்டும். தண்ணீரை நிறுத்தக் கூடாது, ஆனால் பஸ் ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் குடிக்க வேண்டாம். ஏறும்முன் தட்டி முழுதும் போக்கிவிட வேண்டும். திருத்தணியில் இறங்கினால் எங்கள் மருத்துவமனைக் கழிப்பறை இருக்கிறது. அங்கே போய்விட்டு அடுத்த பஸ். மடித்த துணி, ஒரு மாற்றுப் புடவை, அடர்நிறத்தில். எல்லாவற்றையும் நான் சொன்னேன். அவள் சரி சரி என்று கேட்டுக்கொண்டாள். நான் கூடவே போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

திரும்பும் வழியில் மருத்துவமனைக்கு வந்தாள். ஒரு கையில் தடி, மறுபக்கம் கணவர். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழந்தை.

“நனைஞ்சுதும்மா” என்றாள் முதல் வார்த்தையாக.

போகும்போது திருத்தணிக்குள் நுழையும் முன் ரயில்வே கேட் போட்டுவிட்டார்களாம். ஒரு கூட்ஸ், அதன் பின்னாலேயே இன்னொரு வண்டி. பஸ் நின்றுகொண்டே இருந்தது. அவளுக்குக் கழுத்தில் வேர்த்தது. இறக்கிவிடச் சொல்லிக் கேட்டால் கூட்டத்தில் இறங்க முடியாது. இறுக்கிப் பிடித்துப் பார்த்தாள், கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போய்விட்டது.

“அழுதியா?”

“அழுகை வந்துச்சு. பக்கத்துல குந்தியிருந்த அம்மா தூங்கிக்கினு இருந்தாங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரில. துணி முக்காவாசிய இஸ்துக்கிச்சு. இங்க வந்து, கழுவி, வேற கட்டிக்கினேன். நீங்க சாப்புடப் போய்ட்டு இருந்தீங்க. அப்புறம் அடுத்த பஸ் ஏறிப் போய்ட்டேன். அவ்ளோதான்.”

“திரும்பி வர்றப்போ?”

“வரும்போது அந்த ரோட்டுல கேட் இல்ல” என்றார் கணவர், பழைய குரலில். திரும்பிப் பார்த்தவர்களை அவள் இந்த முறை பொருட்படுத்தவில்லை.

குழந்தையிடம் பெயர் கேட்டேன். அது அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அன்றைக்கே அதைப் பள்ளிப்பட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

அவள் முழுவதும் குணமாகவில்லை. தடியில்லாமல் நடந்ததில்லை. குளிர்காலத்தில் நனையும், காய்ச்சல் வந்தால் நனையும். ஆனால் வீட்டிலேயே உட்கார்ந்து ராட்டையில் தறிக்கு வேண்டிய நூலைத் தாராகச் சுற்றினாள், தெருக் கல்யாணங்களுக்குப் போனாள், பிறகு ஒரு மகனும் பிறந்தான். அந்தப் பிரசவத்துக்குப் பயந்து எங்கள் டாக்டர் அவளை முன்கூட்டியே வேலூருக்கு அனுப்பிவைத்தார். நல்லபடியாக முடிந்தது.

நான் அங்கே இருந்த கடைசி வருடத்தில் ஒரு காலை, புறநோயாளிகள் கூடத்தில் அவளைப் பார்த்தேன். தடியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு நடுத்தர வயதுப் பெண், முக்காடு போட்டபடி தலை குனிந்து. யார் என்று கேட்டேன்.

“பக்கத்து ஊட்டுக்காரம்மா. மூணாவது கொழந்தைக்கு அப்புறமா இருமினா போய்டுதாம். வருஷக் கணக்கா யார்கிட்டயும் சொல்லாம கீறாங்க. தறியாண்டயே நிக்கறதுனால இருமறது சத்தத்துல யாருக்கும் கேக்கல” என்றாள். பிறகு அந்தப் பெண்ணின் முழங்கையைத் தட்டினாள்.

“சொல்லுக்கா. இவங்க கேக்கறதுக்கு ஆங், இல்லனு சொன்னா போதும். மொதல்ல கேக்கறது கஷ்டமா இருக்கும். எனக்கும் அப்டித்தான் இருந்துச்சு.”

அந்தப் பெண் அப்போதும் தலை நிமிரவில்லை. நான் இருவரையும் உள்ளே அழைத்துப் போய்த் திரையை இழுத்துவிட்டேன்.